இரண்டாவது வரியில் தப்பு

தொலைக்காட்சியில் பாடம் நடத்துவதில் பெரிய கஷ்டம் என்னவென்றால், யாரையும் அதட்ட முடியாது. இருபது வருடத்துக்கு மேலாகப் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். கடைசி பெஞ்சில் ஒருவன் கொட்டாவி விட்டால், பலகையிலிருந்து திரும்பாமலே, "வாயை மூடுடா, ஈ போயிடும்" என்று சொல்லிப் பழகியவள். ஸ்டூடியோவில் யாரைச் சொல்வது? எதிரே ஒரு கேமரா நிற்கும். அதன் தலையில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். அது கொட்டாவியும் விடாது, பதிலும் சொல்லாது.

வெள்ளத்தால் வந்த வேலை இது. ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்துவிட்டது. எங்கள் பள்ளிக்கூடம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், மேட்டில் இருக்கிறது. வீட்டை இழந்த குடும்பங்களை அங்கேதான் தங்க வைத்தார்கள். வகுப்பறைகளில் பெஞ்சுகளை ஓரமாக அடுக்கிவிட்டுப் பாய் விரித்தாயிற்று. பக்கத்து ஊர்ப் பள்ளிகளிலும் இதே கதைதான். ஆனால் பொதுத் தேர்வை மட்டும் தள்ளி வைக்க மாட்டோம் என்று கல்வித் துறை ஒரே பிடியாகச் சொல்லிவிட்டது. அதனால் தினமும் காலையில் தொலைக்காட்சியில் பாடம். பிள்ளைகள் இருக்கிற இடத்தில் இருந்தபடியே பார்த்துப் படிக்க வேண்டும். என் வீடு ஆற்றுக்கு இந்தப் பக்கம், ஒளிபரப்பு நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில் இருந்தது. பாலத்தில் பாதி போய்விட்டதால் பள்ளிக்கூடத்துக்கு என்னால் போக முடியவில்லை. கணக்குக்கு என்னைப் பிடித்துவிட்டார்கள்.

"உங்க குரல் கணீர்னு இருக்கு டீச்சர். அதான் உங்களையே போட்டுட்டோம்" என்றார் தயாரிப்பாளர்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் மருந்துக்கடை வைத்திருக்கிறார், அதிகம் பேசமாட்டார். "குரலுக்கு நான் சாட்சி" என்று மட்டும் சொன்னார்.

ஸ்டூடியோவில் ஆயிரத்தெட்டுச் சட்டம். பொடிக் கட்டம் போட்ட துணி உடுத்தக் கூடாது, திரையில் மினுமினுக்கும். பலகையில் எழுதும்போதும் கேமராவுக்கு முதுகைக் காட்டக் கூடாது. சாக்பீஸ் கிறீச்சிட்டால் கழுத்தில் மாட்டியிருக்கிற மைக் அதைப் பத்து மடங்காக்கிக் கொடுக்கும். அதனால் சாக்பீஸைத் தண்ணீரில் நனைத்து எழுத வேண்டும். மூக்கில் பவுடர் போட ஒரு பெண் வருவாள். "இந்த மூக்கைப் பார்த்துப் பயந்தாவது படிக்கட்டும், விடும்மா" என்றாலும் விட மாட்டாள்.

எடுத்த பாடத்தை வெட்டி ஒட்டுகிறவருக்கு நான் வைத்த பெயர் கத்திரி. முப்பத்தைந்து வயது இருக்கும். வேலையில் கெட்டிக்காரர். நான் இருமினால் இருமல் போய்விடும், தண்ணீர் குடித்தால் தம்ளரே காணாமல் போய்விடும். அரைமணி நேரத்தில் பாடம் அடங்க வேண்டும், ஒரு விநாடி கூடினாலும் மேலே விட மாட்டார்கள். இன்னொரு விஷயமும் அவர்தான் சொன்னார். ஒளிபரப்பு அறையில் ஒரு இயந்திரம் இருக்கிறதாம். கொஞ்ச நேரம் சத்தமே வராவிட்டால், ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு அதுவாகவே அலாரம் அடித்து, பாடத்தை எடுத்துவிட்டு அருவிப் படம் ஒன்றைப் பாட்டோடு போட்டுவிடும்.

"அதனால எங்க தொழில்ல மௌனம்தான் டீச்சர் பெரிய தப்பு" என்றார்.

கேட்டுக்கொண்டேன். மண்டையில் ஏற்றிக்கொள்ளவில்லை.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. முக்கியமான பாடம் எடுக்கும்போது பலகையில் வேண்டுமென்றே ஒரு கணக்கைத் தப்பாகப் போடுவேன். பிள்ளைகள் எந்த இடத்தில் சறுக்குவார்களோ, அதே இடத்தில் நானும் சறுக்குவேன். விடை வரைக்கும் போய், கீழே கோடு போட்டுவிட்டு, சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் நிற்பேன். முகத்தில் ஒன்றும் காட்ட மாட்டேன். கொஞ்ச நேரம் வகுப்பில் மூச்சுச் சத்தம்கூட இருக்காது. அப்புறம் முணுமுணுப்பு கிளம்பும். அப்புறம் எங்கிருந்தாவது ஒரு குரல், "டீச்சர், தப்பு!" என்று வரும். யார் கண்டுபிடிக்கிறார்களோ அவர்கள் எழுந்து வந்து, என் கையிலிருந்து சாக்பீஸை வாங்கி, அந்த வரியைத் திருத்தலாம். டீச்சர் செய்தது தப்பு என்று சொல்லி, அவள் கையிலிருந்தே சாக்பீஸைப் பிடுங்குவதில் அந்த வயதுப் பிள்ளைகளுக்கு இருக்கிற சந்தோஷம் சொல்லி மாளாது. அப்படித் திருத்திய வரியை ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள்.

என் வகுப்பில் சங்கு என்று ஒருத்தி இருக்கிறாள். அதுவும் நான் வைத்த பெயர்தான். வாயைத் திறந்தால் ஆலைச் சங்கு மாதிரி நாலு வகுப்பறைக்குக் கேட்கும். கணக்கு என்றால் அவளுக்குக் காய்ச்சல் வரும். வருடத் தொடக்கத்தில் வைத்த பரீட்சையில் தாளில் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்த மகராசி. ஒருநாள் நான் தப்பாகப் போட்ட கணக்கை முதல் பெஞ்சுக் கெட்டிக்காரர்கள் எல்லாம் குனிந்த தலை நிமிராமல் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். பின்னாலிருந்து, "தப்பு டீச்சர்!" என்று ஒரு சத்தம். திரும்பினால் இவள். வந்து திருத்தினாள். திருத்திவிட்டு, இடத்துக்குத் திரும்பிப் போகத் தோன்றாமல் பலகைக்குப் பக்கத்திலேயே சிரித்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு நான் எங்கே தப்பு வைப்பேன் என்று கண்கொத்திப் பாம்பாகக் காத்திருப்பாள். தப்பைப் பிடிக்க வேண்டுமென்றால் சரியானது தெரிய வேண்டுமே, அதற்காகவே படிக்க ஆரம்பித்தாள். மெல்ல மெல்லத் தேறிக்கொண்டு வந்தாள். அவர்கள் வீடு வெள்ளத்தில் போய்விட்டது. அம்மாவோடும் தம்பியோடும் எங்கள் பள்ளியில், அதுவும் எங்கள் வகுப்பறையிலேயே தங்கியிருந்தாள். அங்கே பிள்ளைகள் பார்ப்பதற்கென்று ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருந்தார்கள்.

அன்றைக்கு எனக்குச் சமன்பாடு. அடைப்புக்குறிக்கு முன்னால் கழித்தல் இருந்தால், அடைப்பைப் பிரிக்கும்போது உள்ளே இருக்கிற குறி ஒவ்வொன்றும் மாற வேண்டும். பத்தாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் கவிழ்கிற இடம் இதுதான். பலகையில் எழுதினேன்:

5 − (x − 3) = 2

அடுத்த வரியில், 5 − x − 3 = 2 என்று போட்டேன். கழித்தல் மூன்று, கூட்டல் மூன்றாக மாறியிருக்க வேண்டும். மாற்றவில்லை. 2 − x = 2, ஆகவே x = 0 என்று முடித்து, கோடு போட்டேன். சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்தபடி நின்றேன்.

ஸ்டூடியோவில் யாரும் மூச்சுவிடவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் எழுந்து நின்றதைப் பார்த்தேன். பார்க்கட்டும் என்று நின்றேன். வீட்டில் இருக்கிற பிள்ளைக்கு யோசிக்க நேரம் வேண்டாமா? நின்று முடித்துவிட்டு, "என்ன, பிடிச்சிட்டீங்களா? ரெண்டாவது வரி!" என்று சொல்லி, பலகையைத் துடைத்து, அதே கணக்கைச் சரியாகப் போட்டேன். 5 − x + 3 = 2. x = 6. பிறகு அடுத்த கணக்குக்குப் போனேன். அன்றைக்குப் பாடம் அருமையாக அமைந்தது என்று எனக்கே என்மேல் ஒரு மெச்சல்.

மறுநாள் காலை வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். டீத் தம்ளர் கையில் இருந்தது. திரையில் நான் 5 − x − 3 என்று எழுதினேன். x = 0 என்றேன். கோடு போட்டேன். கோடு போட்ட கை இறங்குவதற்குள், "சரி, அடுத்த கணக்கைப் பார்ப்போம்" என்றேன்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காத்திருந்ததையும் காணோம், திருத்தினதையும் காணோம். ஊர் உலகத்துக்கெல்லாம் கணீரென்ற குரலில் தப்புக் கணக்கைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, மூக்கில் பவுடரோடு நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"என்னம்மா, டீ ஆறுது" என்றார் வீட்டுக்காரர்.

"ஆறட்டும். எனக்கு இங்க வயிறு எரியுது" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டது மாதிரி ஒளிபரப்பு நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். கத்திரி தன் அறையில் இரண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்.

"தம்பி, என் பாடத்தை என்ன பண்ணினீங்க?"

"ஏன் டீச்சர், நல்லா வந்திருக்கே? நேத்து நீளம் ரொம்பக் கூடிப்போச்சு. நல்லவேளை, நீங்க ஒரே கணக்கை ரெண்டு தடவை போட்டிருந்தீங்க. நடுவுல மறந்துபோய் வேற நின்னுட்டீங்க. நின்னதையும் எடுத்துட்டு, ரெண்டாவதையும் எடுத்துட்டேன். ஒட்டினதே தெரியலை பாருங்க."

"மறந்துபோய் நின்னேனா? நான் காத்துக்கிட்டு நின்னேன்!"

"யாருக்கு?"

நல்ல கேள்விதான். விளக்கினேன். விளக்க விளக்க அவர் முகம் வெளுத்தது. ரொட்டியைக் கீழே வைத்துவிட்டார். "ரெண்டுல ஒண்ணு தப்புக் கணக்கா? எனக்குப் பார்க்க ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் டீச்சர் இருந்துச்சு. கேட்டிருக்கணும். நேரமில்லை, மேலே கேட்டுக்கிட்டே இருந்தாங்க." அவரை வெளுத்து வாங்க வேண்டும் என்றுதான் வந்தேன். அந்த முகத்தைப் பார்த்தபிறகு வாயில் திட்டு வரவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் ஸ்டூடியோவை வகுப்பாக நினைத்துக்கொண்டு நின்றது நான்தானே.

தயாரிப்பாளர் அறைக்கு இரண்டு பேருமாகப் போனோம். கல்வித் துறையிலிருந்து வந்து உட்கார்ந்திருக்கிறவர் அவர். நல்ல மனிதர், பயந்தவர். முழுக்கக் கேட்டுவிட்டு, "போன் ஏதாவது வந்துச்சா?" என்று கத்திரியிடம் கேட்டார்.

"பாடம் சம்பந்தமா ஒண்ணும் வரலை சார். சினிமா எப்ப போடுவீங்கன்னு ரெண்டு பேர் கேட்டாங்க."

"அப்புறம் என்ன? யாரும் கவனிக்கலை. விடுங்க டீச்சர்."

எனக்குச் சுருக்கென்றது. "யாரும் கவனிக்கலைன்னா நான் எதுக்கு சார் தினம் பவுடர் பூசிக்கிட்டு வர்றேன்? கவனிச்சிருந்தா, அத்தனை பேரும் தப்பாப் படிச்சிருக்காங்க. ரெண்டுல எது நடந்திருந்தாலும் விட முடியுமா? தேர்வுல இந்தக் கணக்கு வராம இருக்கவே இருக்காது."

"திரைக்குக் கீழே எழுத்து ஓட விட்டுடலாம். 'திருத்தம்'னு."

"கணக்கை ஓட விட்டா யாருக்குப் புரியும்? நின்னு சொன்னாலே புரியலை."

"தப்புன்னு நாமளே ஒத்துக்கிட்டா, மத்த பாடமெல்லாம் சரியான்னு கேட்பாங்க டீச்சர். மேலிடத்துல நான் என்ன பதில் சொல்றது? கொஞ்சம் என் நிலைமையையும் பாருங்க."

பூசி மெழுகுகிறவர்களோடு பேசி எனக்குப் பழக்கம் இல்லை. எழுந்து வந்துவிட்டேன்.

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து எங்கள் பள்ளி ஓவிய வாத்தியாருக்குப் போன் போட்டேன். முகாமைப் பார்த்துக்கொள்வது அவர்தான். அங்கே பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லச் சொன்னால், நம் பள்ளிப் பிள்ளைகளாவது பிழைத்துக்கொள்ளும் என்று நினைத்தேன்.

"வாத்தியாரே, காலையில பாடம் பார்த்தாங்களா நம்ம பிள்ளைங்க?"

"பார்த்தாங்களாவா? கூரையே பறந்துபோச்சு டீச்சர். நீங்க அந்தக் கணக்கை முடிச்சதும் எல்லாப் பயலும் எழுந்து நின்னு, 'தப்பு, தப்பு'ன்னு ஒரே கத்தல். சங்கு பெட்டிக்கிட்டேயே போயிட்டா. ரெண்டாவது வரி, ரெண்டாவது வரின்னு கத்துறா. கையில சாக்பீஸ் வேற எடுத்து வெச்சிருந்தா. நீங்க நிக்கவே இல்லையே? நீங்க பாட்டுக்கு அடுத்த கணக்குக்குப் போயிட்டீங்க."

அதுவரைக்கும், ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லையே என்பதுதான் என் கவலை. கண்டுபிடித்திருக்கிறார்கள். எழுந்து நின்று கத்தியிருக்கிறார்கள். நான் காதிலேயே போட்டுக்கொள்ளாமல் போயிருக்கிறேன்.

"பசங்க சிரிச்சிட்டு விட்டுட்டாங்க. இவதான் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டுப் போயிட்டா. இனிமே பெட்டி முன்னாடி உட்கார மாட்டாளாம். தேர்வும் எழுதலையாம். அவங்கம்மா முகாம்ல துணி துவைக்கிற வேலைக்குப் போறாங்க இல்ல, அங்க போய் நின்னுக்கிட்டா."

"போனை அவகிட்ட குடுங்க."

நடக்கிற சத்தம் கேட்டது. தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது. வாத்தியார் கெஞ்சினார், அதட்டினார். பிறகு தூரத்தில் அவள் குரல்: "எதுக்கு சார்? அவங்களுக்குத்தான் காது கேக்காதே."

வாத்தியார் போனை மூடிக்கொண்டு ஏதோ சொல்லிச் சமாளிக்கப் பார்த்தார். எனக்குத் தெளிவாகக் கேட்டுவிட்டது. அழுகை வந்தது. படிக்கட்டில் போகிற வருகிறவர்கள் பார்க்கப் பார்க்க உட்கார்ந்து அழுதேன், அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அவள் சொன்னது சரி என்பதுதான் தாங்கவில்லை. அந்தப் பிள்ளைக்குக் கணக்கில் பிடித்தது ஒன்றே ஒன்று: தான் கத்தினால் டீச்சர் நிற்பாள் என்பது. அதையும் நான் பிடுங்கிவிட்டேன்.

வாத்தியாரிடம் நடந்ததைச் சொன்னேன், அவரும் அவளிடம் எடுத்துச் சொல்லிப் பார்த்தார். கத்திரி, வெட்டு, ஒட்டு என்றெல்லாம் அவர் சொன்னதை அவள் நம்பவே இல்லையாம். "டீச்சரைக் காப்பாத்தறீங்க சார்" என்று போய்விட்டாளாம். பாலம் இருந்தால் ஒரே ஓட்டமாக ஓடியிருப்பேன். பாலமும் இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் தயாரிப்பாளர் அறைக்குள் போனேன். கத்திரி இன்னும் அங்கேதான் நின்றிருந்தார்.

"சார், நாளைக்கு என் பாடத்துக்கு முன்னாடி என்ன போடுறீங்க?"

"அஞ்சு நிமிஷம் காலியா இருக்கு. அருவிதான்."

"அந்த அருவிக்குப் பதிலா நான் ஓடுறேன். நேரலையில. வெட்டறது ஒட்டறது எதுவும் வேண்டாம்."

"நேரலையில என்ன சொல்லப் போறீங்க?"

"அதே கணக்கை அதே மாதிரி தப்பாப் போடப் போறேன். போட்டுட்டுக் காத்திருக்கப் போறேன். கீழே போன் நம்பர் போடுங்க."

தயாரிப்பாளர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "மறுபடியும் தப்பா? உங்களுக்கு என்ன ஆச்சு டீச்சர்? பேசாம சரியான விடையைச் சொல்லிட்டு வாங்களேன்."

"நான் சொன்னா கேட்டுட்டு மறந்துடுவாங்க சார். பிடிச்சாத்தான் நிக்கும். இதுவும் பாடம்தான், திருத்தம்னு யாரும் சொல்ல மாட்டாங்க. மேலிடத்துக்கு நீங்க ஒரு பதிலும் சொல்ல வேண்டாம்."

அந்தக் கடைசி வாக்கியம்தான் அவரை அசைத்தது. இருந்தாலும், "போன் வராட்டா? நீங்க பாட்டுக்கு நின்னா அந்த மெஷின் அலாரம் அடிக்குமே, அருவி வந்துடுமே" என்று இழுத்தார்.

"அதை நான் பார்த்துக்கறேன் சார்" என்றார் கத்திரி.

மறுநாள் ஸ்டூடியோவுக்குப் போனபோது, பலகைக்கு அருகே திரையில் விழாத இடத்தில் ஒரு ஸ்டூல். அதன்மேல் தகர டப்பா மாதிரி ஒரு பழைய மேஜைக் கடிகாரம். அதை ஒட்டி ஒரு மைக். கத்திரி வீட்டிலிருந்து கொண்டுவந்திருக்கிறார்.

"இந்த டிக் டிக் போய்க்கிட்டே இருக்கும் டீச்சர். மெஷினைப் பொறுத்தவரைக்கும் சத்தம் வந்துக்கிட்டே இருக்கு. நீங்க எவ்வளவு நேரம் வேணும்னாலும் நில்லுங்க."

"எத்தனை நேரம் நிப்பேன்னு எனக்கே தெரியாது தம்பி."

"நில்லுங்க. இன்னிக்கு நான் கை வைக்க மாட்டேன்."

ஓவிய வாத்தியாரிடம் முன்னாலேயே சொல்லி வைத்திருந்தேன். பெட்டியை வராண்டாவுக்கு இழுத்து, துவைக்கிற இடம் வரைக்கும் கேட்கிறமாதிரி சத்தத்தை ஏற்றி வைக்கச் சொன்னேன். அவளை இழுத்துக்கொண்டு வர வேண்டாம், வருவதானால் அவளாக வரட்டும் என்றும் சொன்னேன். இன்னொரு தடவை நேரலைக்கு விட மாட்டார்கள், தேர்வுக்கு முன்னால் இதற்குமேல் எனக்கு வாய்ப்பு இல்லை.

சிவப்பு விளக்கு எரிந்தது. வணக்கம் சொல்லவில்லை, முன்னுரை கொடுக்கவில்லை. நனைந்த சாக்பீஸால் எழுதினேன். 5 − (x − 3) = 2. அடுத்த வரி, 5 − x − 3 = 2. 2 − x = 2. x = 0. கோடு போட்டேன். திரும்பி நின்றேன்.

டிக் டிக் என்று கடிகாரம் ஓடியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். விளக்குச் சூட்டில் என் மூக்குப் பவுடர் கரைந்து உதட்டுக்கு வந்தது. துடைக்கவில்லை. கேமராக் கண்ணாடிக்குள்ளே பார்த்துக்கொண்டு நின்றேன்.

போன் அடித்தது. ஸ்டூடியோ முழுக்கக் கேட்கிறமாதிரி ஒலிபெருக்கியில் போட்டிருந்தார்கள்.

"ஹலோ, டிவி ஆபீஸா?" ஒரு ஆண் குரல். "ஏம்மா, இந்தப் பாடம் முடிஞ்சதும் சினிமாவா, இல்ல இன்னொரு பாடமா?"

"இன்னொரு பாடம்தான். நீங்களும் உட்கார்ந்து பாருங்க" என்றேன்.

"அட போம்மா" என்று வைத்துவிட்டார். கேமராக்காரர் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. தயாரிப்பாளர் கண்ணாடியைத் தட்டித் தன் கைக்கடிகாரத்தைக் காட்டினார். நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை. வரமாட்டாளோ? துணியைப் பிழிந்துகொண்டு, காதில் விழுந்தும் விழாதது போல நிற்கிறாளோ? நான் அவளுக்குச் செய்ததை அவள் எனக்குச் செய்தால் நான் என்ன சொல்ல முடியும்?

மறுபடி போன் அடித்தது.

"டீச்சர், நான்தான்" என்றார் ஓவிய வாத்தியார், மூச்சு வாங்க. "வெச்சிடாதீங்க. இருங்க, இருங்க. ஈரக் கையோட வருது."

போன் கை மாறுகிற சத்தம். பிறகு யாரோ மூச்சுவிடுகிற சத்தம்.

"டீச்சர்."

சின்னக் குரல். அவள் தொண்டையில் அப்படி ஒரு குரல் இருப்பதே எனக்குத் தெரியாது.

"சொல்லு."

"தப்பு."

"எங்கே?"

"ரெண்டாவது வரி."

"எனக்குத்தான் காது கேக்காதே. சத்தமாச் சொல்லு."

அப்புறம் சங்கு ஊதியது. "ரெண்டாவது வரி தப்பு டீச்சர்!" ஒலிபெருக்கி கரகரத்தது. ஒலிப்பதிவாளர் காதிலிருந்ததைப் பிடுங்கிப் போட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கத்திரி இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றார், எதையும் தொடவில்லை என்று காட்டுகிற மாதிரி.

"சரி. சாக்பீஸை நீ வந்து வாங்கிக்க முடியாது, பாலம் இல்லை. நீ சொல்லு, நான் எழுதறேன்."

முதல் வரிக்குக் கீழே இருந்ததையெல்லாம் துடைத்தேன். அவள் சொன்னாள், நான் எழுதினேன். "அஞ்சு கழித்தல் x... முன்னாடி கழித்தல் இருக்கு இல்ல, அதனால மூணு கூட்டலா மாறும் டீச்சர். கூட்டல் மூணு. சமம் ரெண்டு." அவளுக்குப் பின்னால் பிள்ளைகள் கூடிவிட்டார்கள், ஆளுக்கு ஒரு பக்கம் எடுத்துக் கொடுத்தார்கள். "சும்மா இருங்கடா, நான் சொல்றேன்" என்று அவள் அதட்டினாள். "எட்டு கழித்தல் x, சமம் ரெண்டு. அப்ப x ஆறு."

"சரியான்னு எப்படித் தெரியும்?"

"ஆறைப் போட்டுப் பாருங்க. ஆறுல மூணு போனா மூணு. அஞ்சுல மூணு போனா ரெண்டு. சரிதான்."

கோடு போட்டேன். பலகையில் x = 6 என்று நின்றது. அதோடு முடித்துவிடலாம் என்றுதான் தயாரிப்பாளர் கை காட்டினார். அவள் முடிக்கவில்லை.

"நேத்தே கத்தினேன் டீச்சர். எல்லாரும் கத்தினோம். நீங்க பாட்டுக்கு அடுத்த கணக்குக்குப் போயிட்டீங்க."

நாடு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. தயாரிப்பாளர் முகத்தை மூடிக்கொண்டார். வெட்டு, ஒட்டு என்று என்னென்னவோ சொல்லலாம்தான். அதெல்லாம் அவளுக்கு எதற்கு?

"ஆமா, போயிட்டேன். உங்க சத்தம் எனக்கு வந்து சேரலை. நான் நின்னிருக்கணும். அது என் தப்பு" என்றேன்.

அவள் யோசித்தாள். கடிகாரம் டிக் டிக் என்றது. இந்தத் தடவை யாரும் அவசரப்படுத்தவில்லை.

"இப்ப கேக்குதா?"

"ஸ்டூடியோவே அதிருது."

"சரி" என்றாள் சங்கு. "அப்ப அடுத்த கணக்குக்குப் போங்க டீச்சர்."

போனேன்.